ஆளுக்கு ஒரு ஸ்லைடு

என் பெயரைச் சொல்லி ஒரு வகுப்பு நடக்கிறது. நான் துறைத்தலைவராக இருந்து ஓய்வு பெற்ற மருத்துவக் கல்லூரியில், நோய்க்குறியியல் படிக்கப் புதிதாக வரும் பி.ஜி. மாணவர்களுக்கு, மரபணுச் சோதனை செய்யும் மாலிக்குலர் ஆய்வகத்தில் நடக்கும் முதல் வகுப்பு அது. இதை எனக்குச் சொன்னவன் என் பழைய மாணவன் ஒருவன். காலையில் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு, பழைய கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்து வணக்கம் சொன்னான். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, முட்டி எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டுவிட்டுத் தயங்கினான்.

"சார், உங்களுக்குத் தெரியுமோ தெரியல. மேடம் முதல் கிளாஸ்லயே உங்க பேரத்தான் சொல்றாங்க."

"எந்த மேடம்?"

சொன்னான். என்னிடம் படித்தவள். இப்போது அங்கேயே ஆசிரியை. மரபணுச் சோதனைகளைப் பி.ஜி.க்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவள் பொறுப்பு.

"நல்லவிதமா சொல்றாளா?"

அவன் கடலைப் பார்த்தான். "பாடமா சொல்றாங்க சார்."

என்ன பாடம் என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்வதில் பொய் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரியாத பகுதி ஒன்று இருக்கிறது. அது என் மனத்துக்குள் நடந்தது. அதையும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். யார் பெயரும் இதில் வராது. என் பெயர்தான் அந்த வகுப்பில் இருக்கிறதே.

என் தகப்பனார் பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரியில், அதாவது நகரசபை அலுவலகத்தில், எழுத்தராக இருந்தவர். தான் சொன்னது தவறு என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அந்தக் குணம் எனக்கும் வந்தது. நுண்ணோக்கி எனக்கு நன்றாக வரும். ஒரு கட்டியின் திசுவைப் பார்த்த மாத்திரத்தில் அது என்ன, எங்கிருந்து வந்தது என்று சொல்வேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதில் எனக்கு இருந்த கர்வத்தை யாரும் குறை சொன்னதில்லை.

துறையில் நான் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை ஸ்லைடு வகுப்பு. நான் படித்த காலத்தில் ஒரே ஸ்லைடுக்காக ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்போம். பணக்கார வீட்டுப் பையன்கள் முன்னால் போய்விடுவார்கள். நமக்கு முறை வரும்போது மணி அடித்துவிடும். அதனால் என் துறையில் யாரும் ஸ்லைடைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்று வைத்திருந்தேன். ஆளுக்கு ஒரு ஸ்லைடு. வகுப்புக்கு எடுக்கும் ஒவ்வொரு கேஸுக்கும் பிளாக்கை மறுபடி வெட்டி, எல்லா மாணவருக்கும் ஒவ்வொன்று கொடுக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் அத்தனையும் என் அறை அலமாரிக்கு வந்துவிடும். சாவி என்னிடம் இருக்கும். நல்ல ஆசிரியர் என்று எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே இந்த வழக்கம்தான்.

பிளாக் என்பது மெழுகுக் கட்டி. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த திசுவை அந்த மெழுகுக்குள் பதித்து வைப்போம். அதை மைக்ரோடோம் என்ற வெட்டும் கருவியில் பொருத்தி, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட்டால் ஸ்லைடு. பெரிய கட்டி என்றால் எத்தனை ஸ்லைடு வேண்டுமானாலும் எடுக்கலாம். நுரையீரலில் ஊசி போட்டு எடுக்கும் திசு நூல் துண்டு மாதிரி இருக்கும். அதை ஒரு முறை கழற்றி மறுநாள் பொருத்தினால், கத்தி முதலில் மெழுகின் மேற்பரப்பைச் சமன் செய்யக் கொஞ்சம் சீவித் தள்ளும். அந்தச் சீவல் குப்பைக்குத்தான் போகும். மூன்று நான்கு தடவை பொருத்தினால் மெழுகுதான் மிஞ்சும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல.

பி.ஜி.க்களுக்கு மரபணுச் சோதனைகளும் கற்றுத்தர வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்த பிறகு, கல்லூரி ஒரு மாலிக்குலர் ஆய்வகம் கட்டியது. அதற்கென்று இளைஞர் ஒருவரை ஆசிரியராகப் போட்டார்கள். வடக்கே எங்கோ பயிற்சி பெற்று வந்தவர். மெலிந்த ஆள். குரலை உயர்த்தத் தெரியாது. வந்த வாரமே என் அறைக்கு வந்து ஒரு வேண்டுகோள் வைத்தார்.

"சார், நுரையீரல் பயாப்சி மட்டும் முதல் தடவை வெட்டும்போதே எனக்குக் கொஞ்சம் சாயம் போடாத ஸ்லைடு எடுத்து வெச்சிடச் சொல்லுங்க. மறுபடி மறுபடி மைக்ரோடோம்ல ஏத்தினா டி.என்.ஏ. எடுக்க ஒண்ணும் மிஞ்சாது."

"எங்க டிபார்ட்மென்ட்ல எப்படி வெட்டணும்னு எங்களுக்குத் தெரியும் தம்பி."

"இது உங்க டிபார்ட்மென்ட் மட்டும் இல்ல சார். எனக்கும் இதான் டிபார்ட்மென்ட்."

பணிவாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவரை எனக்குப் பிடிக்கவில்லை. என் பிடிக்காமைக்குக் கீழே பயம் இருந்தது. அவர் பேசுவது எனக்குப் புரியவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து புத்தகம் வாங்கிப் படித்துப் பார்த்தேன். பாதியில் தூங்கிவிட்டேன். அறுபது தாண்டிய பிறகு, எல்லாம் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவன், எழுத்துக்கூட்டிப் படிக்கிற நிலைமையை ஒப்புக்கொள்வது எளிதாக இல்லை.

வாரம் ஒரு முறை புற்றுநோய்க் கூட்டம் நடக்கும். புற்றுநோய் மருத்துவர், அறுவை மருத்துவர், நாங்கள் எல்லோரும் ஒரு மேசையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பற்றிப் பேசுவோம். பி.ஜி.க்கள் பின்வரிசையில் இருப்பார்கள். அப்படி ஒரு கூட்டத்தில், வெளி ஆய்வகத்திலிருந்து வந்த மரபணு அறிக்கையை நான் எடுத்து வாசித்தேன். மாற்றம் இருக்கிறது என்று போட்டிருந்தது. "பாசிட்டிவ். மருந்து ஆரம்பிக்கலாம்" என்று அறிவித்தேன்.

இளம் ஆசிரியர் மெல்ல, "சார், அது மாற்றம்தான். ஆனா நோய்க்குச் சம்பந்தம் உண்டா இல்லையான்னு இன்னும் யாருக்கும் தெரியாத மாற்றம். அடுத்த வரியில போட்டிருக்காங்க" என்றார்.

அடுத்த வரியில் போட்டிருந்தது.

பின்வரிசையில் ஒரு சிரிப்பு. கைக்குள் அடக்கிய சின்னச் சிரிப்புதான். திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். உழவர்கரைக்காரி. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு அடுக்குமாடி ஒன்றில் காவலுக்கு இருந்தார். வகுப்பில் கெட்டிக்காரி. அந்தச் சிரிப்பு என்னை விட்டுப் போகவில்லை. சாப்பிடும்போது காதில் கேட்டது. குளிக்கும்போது கேட்டது.

அதற்குப் பிறகு அவளை நான் விடவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் முதல் கேள்வி அவளுக்குத்தான். சரியாகச் சொன்னால் அடுத்தவரிடம் போய்விடுவேன். தவறினால், "மாலிக்குலர் படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு, இல்லியா டாக்டரம்மா?" என்பேன். ஒரு முறை இன்னும் கீழே இறங்கினேன். "கேட்டுல நிக்கிறவங்க வீட்டுப் பிள்ளைக்கு உள்ள இருக்கிறது தெரியாதுதான்" என்றேன். மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேட்டுல நிக்கிறவருக்குத்தான் சார் உள்ள யார் யார் வந்து போறாங்கன்னு தெரியும்" என்றாள்.

இந்த நிலைமையில்தான் அந்த அம்மாவின் பயாப்சி வந்தது.

பாகூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஊர். ஐம்பதை ஒட்டிய வயது. நடவு, களையெடுப்பு, அது இல்லாத நாளில் டவுனில் ஒரு பெண்கள் விடுதியில் கூட்டிப் பெருக்கும் வேலை. பீடி சிகரெட் தொட்டதில்லை. நுரையீரலில் புற்றுநோய். புகைக்காத பெண்களுக்கு வரும் இந்த வகையில் பலருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருக்கும். இருந்தால் தினம் ஒரு மாத்திரை போதும். நன்றாகக் கேட்கும். இல்லாவிட்டால் நரம்பில் ஏற்றும் கீமோ சொட்டு மருந்துதான். அது ஆளை உருக்கிவிடும். ஆக, அந்த நூல் துண்டுத் திசுவில்தான் அவளுக்கு மாத்திரையா சொட்டு மருந்தா என்பது இருந்தது.

ஊசி போட்டபோது நுரையீரலில் காற்றுக் கசிந்து, விலாவில் குழாய் வைத்து ஒரு வாரம் படுக்கவைத்திருந்தார்கள். இன்னொரு முறை ஊசி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அவள் சொல்லிவிட்டாளாம்.

பிளாக், கூட்டத்தில் சிரித்த அந்த மாணவியின் கைக்குத்தான் போனது. அவள் என்னிடம் வந்தாள்.

"சார், இதுல மாலிக்குலருக்கு முதல்லயே கொஞ்சம் எடுத்து வெச்சிடறேன்."

"நான் பாத்தப்புறம் சொல்றேன். ஒரு ஸ்லைடு மட்டும் போடு."

போட்டாள். பார்த்தேன். அழகான கேஸ். பாடப்புத்தகத்துக்குக் கொடுக்கலாம். அந்தத் திங்கட்கிழமை, ஸ்லைடு வகுப்பு நேரத்திலேயே இளம் ஆசிரியரும் ஆய்வகத்தில் ஒரு வகுப்பு வைத்திருந்தார். அறிவிப்புப் பலகையில் அவர் வகுப்பின் பெயரைப் பார்த்தேன். என் மாணவர்கள் அங்கே போவார்களா, இங்கே வருவார்களா என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். "இந்த கேஸ் திங்கட்கிழமை கிளாஸுக்கு. ஆளுக்கு ஒண்ணு" என்றேன்.

"சார், திசு ரொம்பக் கம்மி."

"வெட்டத் தெரியலன்னா சொல்லு. வேற ஆளுகிட்ட குடுக்கறேன்."

அவள் பிளாக்கை எடுத்துக்கொண்டாள். போய் வெட்டினாள். அதிலும் எனக்குச் சில ஸ்லைடுகள் சாயம் சரியில்லை என்று பட்டது. திருப்பி அனுப்பினேன். மறுபடி ஏற்றி வெட்டினாள். எனக்கென்று நல்லதாக ஒன்று கேட்டேன். மறுபடி ஏற்றினாள். திங்கட்கிழமை எல்லாப் பி.ஜி.க்களும் என் வகுப்பில் இருந்தார்கள். எதிரிலிருந்த ஆய்வகத்தில் இளம் ஆசிரியர் காலி நாற்காலிகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு விளக்கை அணைத்தார். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அன்று நான் மிக நன்றாகப் பாடம் எடுத்தேன்.

அடுத்த புற்றுநோய்க் கூட்டத்தில் புற்றுநோய் மருத்துவர் கேட்டார். "அந்த பாகூர் அம்மாவுக்கு ஜீன் டெஸ்ட் என்னாச்சு?"

இளம் ஆசிரியர், "பிளாக்ல வெறும் மெழுகுதான் இருக்கு. ரெண்டு வாட்டி பாத்தேன்" என்றார்.

"பயாப்சி சின்னது. திசு போதல" என்றேன் நான்.

ஊசி போட்ட மருத்துவர் நிமிர்ந்தார். "நாலு நல்ல துண்டு எடுத்துக் குடுத்தேனே சார்? அதுக்காகத்தான அந்தம்மாவுக்குக் குழாயே போட வேண்டியதாச்சு."

"வெட்டும்போது போயிருக்கும். பி.ஜி. வெட்டினது."

எல்லோரும் பின்வரிசையைப் பார்த்தார்கள். யார் என்று புற்றுநோய் மருத்துவர் கேட்டார். அவள் எழுந்தாள். என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று நினைத்தேன். அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"நான்தான் வெட்டினேன் சார்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். நான் மறுக்க ஒன்றுமில்லாமல் செய்துவிட்டாள்.

அந்த அம்மாவின் மகன் ஒயிட் டவுனில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தான். இடைவேளையில் சீருடையோடு வந்து ரிப்போர்ட் கொடுக்கும் எங்கள் ஜன்னலில் நிற்பான். கூட்டத்துக்கு அடுத்த வாரம் அம்மாவையும் அழைத்து வந்திருந்தான். இன்னொரு முறை ஊசி போட ஒப்புக்கொள்ளவைக்க வேண்டும் என்று புற்றுநோய் மருத்துவர் தாயையும் மகனையும் என்னிடமே அனுப்பியிருந்தார். குள்ளமான பெண். மூச்சு வாங்கியது. பேச்சு மட்டும் குறையவில்லை.

"நீங்கதான் பெரிய டாக்டரா?"

"உட்காருங்கம்மா."

"உக்காந்தா எழுந்துக்கறது கஷ்டம். நெஞ்சுல குத்தி எடுத்தாங்களே, அது இன்னா ஆச்சி?"

"அது போதலம்மா. இன்னொரு தடவை எடுத்தா..."

"போதலையா? எடுக்கசொல்ல நல்லா வந்துச்சின்னு சொன்னாங்களே. உங்க கையிலதான குடுத்தாங்க? தொலஞ்சி போறதுக்கு அது இன்னா ஆடா மாடா?"

மகன், "ம்மா, சும்மா இரு" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "போதலன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல சார். நான் தெனம் வந்து ஜன்னல்ல நின்னுட்டுப் போறேன்" என்றான்.

"கவர்மென்ட் ஆபீசு மாதிரி நாளைக்கி வா நாளைக்கி வான்னா, இது இன்னா ரேசன் கார்டா?" என்றாள் அந்த அம்மா. "இன்னொரு வாட்டி நான் குத்திக்க மாட்டேன். நீங்க வேணும்னா குத்திக்குங்க."

சுவரோரம் அந்த மாணவி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு இளம் ஆசிரியரும் அவளும் என் அறைக்கு வந்தார்கள். இளம் ஆசிரியர் நேராக விஷயத்துக்கு வந்தார். "சார், திசு தொலையல. உங்க அலமாரியில இருக்கு."

திங்கட்கிழமை வகுப்பின் ஸ்லைடுகளைத்தான் சொன்னார். சாயம் போட்ட ஸ்லைடானாலும், மேலே ஒட்டிய கண்ணாடியை ஊறவைத்துக் கழற்றி, திசுவைச் சுரண்டி எடுத்தால் அதிலிருந்தும் டி.என்.ஏ. கிடைக்கும். ஒரு ஸ்லைடில் போதாது. அத்தனையையும் சேர்த்தால் போதும்.

எனக்கு உடனே புரிந்தது. கொடுத்தால் அந்த அம்மாவுக்குச் சோதனை நடக்கும். கொடுத்தால், திசு எங்கே போனது என்பதும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

"ஸ்லைடு ஆவணம். அழிக்க விதியில்ல" என்றேன்.

"ரிப்போர்ட் பண்ண ஸ்லைடுதான் சார் ஆவணம். அத விட்டுடுவோம். மத்தது கிளாஸுக்காக வெட்டினது."

விதி அவர் சொன்னபடிதான். எனக்கும் தெரியும். நான் அவரை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

"இவ கேக்கட்டும். அன்னைக்கு மீட்டிங்ல சிரிச்சியே. அதுக்குத் திங்கட்கிழமை எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளு. சாவி தர்றேன்."

இளம் ஆசிரியர் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "சார், அங்க ஒரு உசுரு..." அவள் அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"கேக்கறேன் சார்" என்றாள்.

திங்கட்கிழமை எழுந்து நின்றாள்.

"அன்னைக்கு சிரிச்சதுக்கு மன்னிச்சிடுங்க சார்."

அதோடு விட்டிருக்கலாம். எனக்குப் போதவில்லை. "எதுக்குச் சிரிச்சே? சொல்லு."

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீங்க ரிப்போர்ட்டத் தப்பா படிச்சதுக்கு சார். அடுத்த வரியப் படிக்காம பாசிட்டிவ்னு சொன்னதுக்கு."

யாரோ ஒருவன் இருமினான். இன்னொருவன் குனிந்து பேனாவைத் தேடினான். வகுப்பை அத்தோடு முடித்தேன். சாவியைக் கேட்டு வந்தவளிடம், "உள்தேர்வு முடியட்டும். ஸ்லைடு அதுக்கு வேணும்" என்றேன். அந்த ஸ்லைடுகளைத் தேர்வுக்கு வைக்கும் எண்ணம் எனக்கு அந்த நொடிவரை இல்லை.

உள்தேர்வு தள்ளிக்கொண்டே போனது. நான்தான் தள்ளினேன். அதற்குள் அந்த அம்மாவுக்குச் சொட்டு மருந்து ஆரம்பித்தார்கள். ஒரு தடவையிலேயே வாந்தியில் சுருண்டுபோனாள். அடுத்த தடவைக்கு வரவில்லை. மகன் மட்டும் ஜன்னலுக்கு வருவான். நான் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். அலமாரி என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. நாற்காலியைத் திருப்பினால் கண்ணாடிக் கதவு வழியாக ஸ்லைடுத் தட்டு தெரியும். ஒரு நாள் திறந்துகூடப் பார்த்தேன். எல்லாம் வரிசையாக இருந்தன. ஊதாவும் ரோஜாவுமாக, என் வகுப்பின் பெருமை. மூடிப் பூட்டினேன்.

பிறகு ஒரு மத்தியானம் புற்றுநோய் மருத்துவர் தொலைபேசியில் பேசினார். நோய் முதுகெலும்புக்குள் போய் நரம்பை நசுக்கிவிட்டது. காலையில் எழுந்தவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மகன் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். "ஏதாவது பண்ண முடியுமா சார்?" என்றார். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எழுந்திருக்கவில்லை. அலமாரிக்கு முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னோர் அழைப்பு வந்தது. கல்லூரி முதல்வர். இளம் ஆசிரியர் அவரிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நாளைக் காலை வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் சாவியை எடுத்தேன். கால் போனது கேட்டு இரங்கி எடுத்தேன் என்று இங்கே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லை. முதல்வரின் அழைப்புக்குத்தான் எடுத்தேன்.

தட்டை நானே தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். அந்தப் பெண் கதவைத் திறந்தாள். வாங்கிக்கொண்டாள். நானும் உள்ளே வரக் காலெடுத்து வைத்தேன். அவள் வாசலை விட்டு நகரவில்லை.

"வெளிய இருங்க சார்."

"எப்படிப் பண்றீங்கன்னு பாக்கறேன்."

"இதுல பாக்கறதுக்கு ஒண்ணும் அழகா இருக்காது சார்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

சோதனையில் அந்த மாற்றம் இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத, மாத்திரைக்கு நன்றாகக் கேட்கிற மாற்றம். ஆரம்பித்தார்கள். சில வாரத்தில் மூச்சு வாங்குவது நின்றதாம். சாப்பிட ஆரம்பித்தாளாம். கால் மட்டும் வரவில்லை. முன்னாலேயே ஆரம்பித்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று புற்றுநோய் மருத்துவரைக் கேட்டேன். "யாரால சார் சொல்ல முடியும்?" என்றார். பல வருடம் அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு தூங்கினேன். முதல்வர் என் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். ஓய்வு நெருங்கிய ஆளை ஏன் நோகடிக்க வேண்டும் என்றார். மாலையும் சால்வையுமாக அனுப்பிவைத்தார்கள். அந்த மாணவி விழாவுக்கு வரவில்லை.

இவ்வளவும், என் பெயரில் வகுப்பு நடக்கிறது என்று கேட்ட பிறகுதான் திரும்ப மேலே வந்தது. சில நாள் யோசித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். அந்த மாணவி, இப்போதைய ஆசிரியை, ஆய்வகத்தில்தான் இருந்தாள். தலையில் அங்கங்கே நரை. நான் நுழைந்ததும் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"என் பேரச் சொல்லிப் பாடம் எடுக்கறியாமே."

"ஆமா சார்."

"அடுத்த தடவை நானே வந்து சொல்லட்டுமா? மன்னிப்பும் கேட்டுடறேன். உன்கிட்டயும்."

அவள் கையுறையைக் கழற்றினாள். நிதானமாகக் கழற்றினாள்.

"வேணாம் சார். இந்த டிபார்ட்மென்ட்ல மன்னிப்புக் கேட்டு ஒண்ணும் சீக்கிரம் கெடைக்கல. நான் கேட்டுப் பாத்துட்டேன்." பிறகு கதவுவரை வந்தாள். "அந்தம்மா இருக்காங்க. மாசா மாசம் மகன் வந்து மாத்திரை வாங்கிட்டுப் போறாரு. சொல்றதுன்னா அங்க போய்ச் சொல்லுங்க."

போனேன். பாகூர் பேருந்தில் இறங்கி, ஏரிக்கரையோரம் கேட்டுக் கேட்டு நடந்தேன். நடவு முடிந்த வயல். வீட்டு வாசலில், வேப்பமர நிழலில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. மடியிலிருந்த முறத்துக்குக் கீழே இரண்டு காலும் மரக்கட்டை மாதிரி ஒட்டி இருந்தன.

"யாரு?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வர்றேம்மா. டாக்டர்."

"மாத்திரை குடுத்த டாக்டரா? வாங்க வாங்க. டேய், நாக்காலி கொண்டா. டாக்டரு வந்திருக்காரு."

தலையை ஆட்டியிருந்தால் போதும். நாற்காலி வந்திருக்கும், காப்பி வந்திருக்கும். ஒரு நொடி ஆட்டப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"இல்லம்மா. உங்களுக்கு ஊசி போட்டு எடுத்தது தொலையல. என் அலமாரியிலதான் இருந்துச்சு. கேட்டாங்க. நான் தரல. ரொம்ப நாள் தரல."

கீரை உருவிய கை நின்றது. என்னைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள்.

"பூட்டி வெச்சிருந்தியா?"

"ஆமாம்மா."

"எதுக்கு?"

சொன்னேன். ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அந்தக் கோபம் என்றேன். நாற்காலியோடு மகன் வெளியே வந்து, என்னை அடையாளம் கண்டு, அப்படியே நின்றான்.

"சிரிச்சதுக்கா?" என்றாள் அந்த அம்மா. அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நாக்காலிய உள்ள கொண்டு போடா."

அவன் எடுத்துக்கொண்டு போனான். அவள் முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு, மறுபடி கீரையை உருவ ஆரம்பித்தாள். நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் நிமிரவே இல்லை. ஏரிக்கரையில் பேருந்துக்கு நடந்தேன்.